குழாயின் குளிர்ந்த முனை

தோணி காலியாகத்தான் இருந்தது. அந்த விரல் நீளப் பீங்கான் தோணியைப் பெய்சென் தன் கையாலேயே தேய்த்துக் கழுவி, அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, சுட்டெடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் குவார்ட்ஸ் குழாய்க்குள் தள்ளியிருந்தாள். கோபால்ட் உப்பு ஒரு துகள்கூட வைக்கவில்லை. ஐந்து சிலிக்கான் சில்லுகளை மட்டும் வரிசையாக அடுக்கி, உலையை எண்ணூற்று ஐம்பது டிகிரிக்கு ஏற்றி, ஆர்கான் வாயுவை ஓடவிட்டு, அரை மணி நேரம் வைத்திருந்து ஆறவிட்டாள். உப்பு இல்லையென்றால் கோபால்ட் இல்லை. கோபால்ட் இல்லையென்றால் கம்பி முளைக்காது. குழாய் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க நடத்திய வெறும் ஓட்டம் அது. சில்லுகள் போனபடியே, முகம் பார்க்கும் பளபளப்போடு திரும்பி வந்திருக்கவேண்டும்.

நான்கு அப்படித்தான் வந்தன. ஐந்தாவது, வாயு வெளியேறும் பக்கத்தில், சூடு குறைந்த முனையில் கிடந்த சில்லு, கறுத்துப்போயிருந்தது. இடுக்கியால் தூக்கிச் சாய்த்துப் பார்த்தாள். பிறந்து நாலு நாளான எலிக்குட்டியின் முதுகில் படர்வதுபோல, மெத்தென்ற, மிக மெல்லிய கறுப்பு மயிர்.

குழாயின் சுவரில் பழைய எச்சம் ஏதோ ஒட்டியிருந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்து வருடமாக இதே வேலையைச் செய்கிறவள், கோபால்ட் சிலிசைடு நானோ கம்பிகளைப் பற்றி ஆறு கட்டுரை எழுதியவள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கம்பி எப்போது முளைக்கும், எப்போது முளைக்காது என்று அவளுக்குத் தெரியாதா? சுவரில் எச்சம். வேறென்ன இருக்கமுடியும். ஆனால் குழாயையும் அவள் கழுவித்தான் இருந்தாள். அந்த நினைப்பு வந்ததும் சில்லைப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியின்மேல் எதுவும் எழுதாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாடியில் இருந்த அந்த ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போனால் பம்புகளின் முனகலும், வாயு கடைசியாக எண்ணெய்ப் போத்தலுக்குள் போய்க் குமிழிவிடும் சத்தமும், சூடான செங்கல் வாசனையும்தான். உலையின் தலைமேல், அது அடம்பிடிக்காமல் ஒழுங்காக வேலை செய்யவேண்டும் என்று யாரோ வைத்த பச்சை நிறப் பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். வெளியே அக்டோபர் காற்று, தைவான் நீரிணையைத் தாண்டி வந்து, ஷின்ச்சு நகரத்தின் தகரம், கொடி, மரக்கிளை எல்லாவற்றையும் நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது சுவருக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுவதுபோலத்தான் கேட்கும்.

அந்தக் காற்றை நம்பித்தான் அவள் கணவன் தேஷுனின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிழைத்தது. அரிசிச் சேமியா செய்கிறவர்கள். பிழிந்து அவித்த வெள்ளை இழைகளை மூங்கில் தட்டிகளில் பரப்பிக் காற்றில் காயவைக்கவேண்டும். பெண் பார்க்க என்று இல்லாமல் ஒரு நண்பனின் கல்யாண விருந்தில்தான் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என்ன வேலை என்று அவன் கேட்டதற்கு அவள் கால் மணி நேரம் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்ப நீயும் சேமியா பிழியறவதான். என்ன, என்னோடதைச் சாப்பிடலாம்."

இருபத்திரண்டு வயதில் லாரி ஒன்று அவன் ஸ்கூட்டரைத் தட்டிவிட்டதில் வலது இடுப்பு நொறுங்கி, மருத்துவமனையில் உலோக மூட்டு வைத்திருந்தார்கள். நடக்கும்போது இடது கால் அழுத்தமாக விழும்; வலது கால் ஒரு நொடி தயங்கி, இழுத்துக்கொண்டு வந்து சேரும். எட்டு வருடக் கல்யாணத்தில் அந்த நடை அவளுக்கு வீட்டுக் கடிகாரம் மாதிரி ஆகிப்போனது. படி ஏறி வரும்போதே சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை, சேமியாத் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தோரு வயது. இதயம்.

எரித்து முடித்த பிறகு எலும்புகளைப் பொறுக்கிக் கலசத்தில் வைக்கக் கூப்பிட்டார்கள். தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை, சின்ன எலுமிச்சம்பழம் அளவு, கிடந்தது. இடுப்புப் பந்து. இதை நாங்கள் அப்புறப்படுத்திவிடட்டுமா என்று அங்கே வேலை செய்கிற பெண் மரியாதையாகக் கேட்டாள். பெய்சென் அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் கதகதப்பாக இருந்தது.

வீட்டில் அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அலமாரியில் வைத்தாள். தலையணைக்கடியில் வைத்தாள். குளிர்ந்த, கனத்த, எதுவும் பேசாத உருண்டை. பத்தாம் நாள் அதன் வயிற்றில் பொறித்திருந்த எழுத்துகளைப் படித்தாள். கோபால்ட், குரோமியம், மாலிப்டினம். கோபால்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் அவள் அழுகை நின்றது. வாழ்நாளில் அவள் உருப்படியாகக் கையாளக் கற்றிருந்த ஒரே பொருள் அது.

அடுத்த மூன்று வாரம் அந்தப் பந்து ஆய்வகத்தின் புகை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள், சூடான அமிலத்தில் கரைந்தது. குரோமியத்தைப் பிரித்தாள், மற்றதைப் பிரித்தாள், வடிகட்டினாள், காயவைத்தாள். கடைசியில் பழுப்பு நிறப் போத்தல் ஒன்றில் செம்பருத்தி இதழ் நிறத்தில் படிகம் படிகமாகக் கோபால்ட் உப்பு மிஞ்சியது. பேராசிரியர் ஒரு வருடம் வெளிநாடு போயிருந்தார். கேட்க ஆளில்லை. ஒரு சிட்டிகை உப்பைத் தோணியில் வைத்து உலைக்குள் தள்ளினாள். சூடு ஏற ஏற இளஞ்சிவப்பு நீலமாகி, நீலம் ஆவியாகி, ஆவி சிலிக்கான்மேல் படிந்து, அவன் முளைத்தான். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தட்டல் கேட்டது அன்றைக்குத்தான்.

டக். சற்றுத் தாமதித்து, மெலிதாக, இழுபட்டதுபோல இன்னொன்று. டக்… ட்ட்க். குவார்ட்ஸ் சூட்டில் விரியும்போது சத்தம் வரும், அது சகஜம். ஆனால் ஆய்வகத்தின் மூலையில் நின்றுகொண்டிருந்த பெய்சென் தன்னையறியாமல் சாப்பாட்டுத் தட்டைத் தேடிக் கையை நீட்டியிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஒரு மணிக்கு உலையை ஏற்றினாள். மூன்று மணிக்கு எண்ணூற்று ஐம்பதைத் தொடும். தொட்டதும் அந்த நடை வரும். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் என்ன சாப்பிட்டாள், ஸ்கூட்டர் எப்படி மக்கர் பண்ணுகிறது, மாடி வீட்டுக்காரர் நாய் என்ன செய்தது என்று மெல்லிய குரலில் சொல்வாள். அரை மணி நேரம். பிறகு ஆறும்போது தட்டல் தேய்ந்து நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அவள் ஓரளவு தூங்கினாள், ஓரளவு தின்றாள். உடம்பு தேறியிருக்கிறதே என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

காலித் தோணி வைத்த ஓட்டத்தில் மயிர் முளைத்த அந்தச் சில்லை, இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு, லியென் அக்காவிடம் கொண்டுபோனாள்.

கீழ்த்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை ஓட்டுகிறவள் லியென் அக்கா. ஐம்பத்தெட்டு வயது, வாயில் எப்போதும் உப்பிட்ட பிளம்பழம் ஒன்று அடங்கியிருக்கும். இருட்டும் குளிருமான அறை. திரையின் சாம்பல் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் மிதந்தது. சில்லை ஏற்றி, காற்றை உறிஞ்சவிட்டு, குமிழைத் திருகிப் பெரிதாக்கிக்கொண்டே போனவள் சட்டென்று திருகுவதை நிறுத்தினாள். பிளம்பழம் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போகவில்லை.

"இது எந்தப் பக்கத்துச் சில்லு?"

"குளிர்ந்த முனை."

"சூடு எந்தப் பக்கமிருந்து வருது?"

பெய்சென் இடது ஓரத்தைக் காட்டினாள். கம்பிகள் அத்தனையும், ஆயிரக்கணக்கில், வலது ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. வாயு ஓட்டம் தள்ளியிருக்கும் என்றாள் பெய்சென்.

"வாயு தள்ளினா எல்லாம் ஒரே மாதிரி வளையும். இதுங்க ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்குது பாரு. ஓரத்துல குவிஞ்சு, அதுக்கு மேல குவிஞ்சு." லியென் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "எங்கப்பா தீயணைப்புல இருந்தாரு. ஒரு தடவை சினிமாக் கொட்டகை எரிஞ்சது. கதவு பூட்டியிருந்திருக்கு. கதவுகிட்ட எப்பிடிக் கிடந்தாங்கன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்கென்னமோ அதுதான் ஞாபகம் வருது."

அறையின் குளிர் அப்போதுதான் பெய்சென்னின் முழங்காலுக்கு ஏறியது. அக்கா தானாகவே சிரித்து, மத்தியானம் சாப்பிடாததால் கண்டதும் தோன்றுகிறது என்று சமாளித்தாள். தேஷுன் போய் நூறாம் நாள் என்றைக்கு என்று கேட்டாள். சனிக்கிழமை என்று பெய்சென் சொன்னதும், திரும்பிப் பார்க்காமலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள்.

மறுநாள் ஒரே ஒரு கம்பியைப் பிரித்தெடுத்து, அதன்மேல் நான்கு தொடுப்புகள் வைத்து, மின்தடையை அளக்க உட்கார்ந்தாள். சூடு கூடினால் தடை கூடவேண்டும்; வரைபடத்தில் சாய்கோடு ஒன்று அமைதியாக ஏறவேண்டும். ஏறியது. ஆனால் ஒவ்வொரு முறை சூட்டை ஒரு படி உயர்த்த அவள் பொத்தானை அழுத்தும்போதும் கோடு உதறியது. தொடுப்பு தளர்ந்திருக்கும் என்று புதிதாக வைத்தாள். மறுபடியும் உதறியது. நேரத்தைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினால் சூடு கம்பியை எட்ட நாற்பது விநாடி பிடிக்கும். உதறல் நாற்பதாவது விநாடியில் வரவில்லை. பொத்தான் க்ளிக் என்ற அதே நொடியில் வந்தது.

சூடு வருவதற்கு முன்பே.

விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். அழுத்தவில்லை. சும்மா வைத்தாள். கோடு நடுங்கத் தொடங்கியது. விரலை எடுத்தாள். அடங்கியது. கருவியை அணைத்துவிட்டு, கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன நினைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நினைக்கவில்லை.

சனிக்கிழமை. நூறாம் நாள். ஒரு நாள்கூட அந்த நடையைக் கேட்காமல் இருக்க மனசு வராததால், காலையிலேயே ஆய்வகத்துக்குப் போய்ச் சில்லுகளை வைத்து, ஒரு மணிக்குத் தானாகவே ஏறும்படி உலையை அமைத்துவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போனாள். மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

சடங்கு சுருக்கமாக முடிந்தது. படத்துக்கு முன்னால் அவனுக்குப் பிடித்த சேமியா வறுவல், வேகவைத்த பன்றி இறைச்சி, ஒரு கிண்ணம் சோறு. காகிதப் பணம் எரித்தார்கள். தேஷுனின் அம்மா சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்து, முற்றத்தில் தட்டி தட்டியாகக் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை இழைகளைப் பார்த்தபடி இருந்தாள். காற்றில் அவை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. பெய்சென் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"உன் கனவுல வர்றானா?" என்று கேட்டாள் அம்மா.

இல்லையென்று தலையசைத்தாள்.

தன்னிடம் வருகிறான் என்றாள் அம்மா. ராத்திரியில் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்தால் வருகிறான். முற்றத்தில் நிற்கிறான், உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறான், ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறான். இரண்டு மாதமாகவே இப்படி. விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று, மூன்றே கால்.

"ஏதாவது சொல்றாரா அம்மா?"

அம்மா மடியில் கிடந்த கையால் இன்னொரு கையைத் தடவிக்கொண்டிருந்தாள். வெந்நீர் பட்டுப் பட்டுக் காய்த்த, பளபளத்த கைகள்.

"ஒரு தடவை எரிச்சாப் போதாதாம்மாங்கறான். ஏன் தினமும்ங்கறான்."

முற்றத்தில் ஒரு தட்டி காற்றில் கவிழ்ந்து விழுந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"உன்னைத் திட்டறதுக்குச் சொல்லல கண்ணு. அவனை எரிச்ச அன்னிக்கு உலைக் கதவை மூடறப்ப நாங்க எல்லாரும் கத்தினோமே, நெருப்பு வருது, சீக்கிரம் ஓடிடுன்னு. கத்தினாத்தான் அவங்க உடம்பை விட்டு ஓடுவாங்க. நீ வாயே திறக்கல. நான் பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "சின்ன வயசுலேருந்தே நான் எழுப்பினா எழுந்திருக்கமாட்டான். கல்யாணத்துக்கு அப்புறம் உன் குரல் கேட்டாத்தான் எழுந்திருப்பான். நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருப்பான்."

பெய்சென் வாய் திறக்கவில்லைதான். ஆனால் அவள் சும்மா நிற்கவுமில்லை. அந்த இரும்புக் கதவு இறங்கியபோது, அத்தனை பேர் கத்தலுக்கு நடுவில், உதட்டை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சு வெடிக்க, ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகாதே. போகாதே. போகாதே.

அவன் கேட்டிருக்கிறான்.

மணி இரண்டே முக்கால்.

எதிர்க்காற்றில் ஸ்கூட்டர் ஊர்ந்தது. கண்ணில் மணல். ஒரு சிவப்பு விளக்கை அவள் பார்க்கவேயில்லை. யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப்போனார்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். ஆகஸ்டில் எத்தனை நாள். செப்டம்பரில் எத்தனை. அவள் முக்காலியைப் போட்டுக்கொண்டு, நாயைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அவன் நடந்து வரவில்லை. எரியும் தரையில் கால் மாற்றிக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் சிரித்துக்கூட இருக்கிறாள்.

சனிக்கிழமைக் கட்டடத்தில் ஒருவருமில்லை. படியில் வெயில் விழுந்து கிடந்தது. இரண்டாம் மாடியிலேயே கேட்டது.

டக் ட்ட்க் டக் ட்ட்க் டக் ட்ட்க்.

நடையில்லை அது. ஓட்டம்.

செருப்பை மாற்றவில்லை. கதவைத் தள்ளினாள். உலையின் இடுக்குகளில் ஆரஞ்சு வெளிச்சம். எண்ணூற்று ஐம்பது என்று எரிந்த எண்கள். முடி பொசுங்கும் நாற்றம். எண்ணெய்ப் போத்தலில் குமிழி இல்லை. வாயு வெளியேறும் வழியை உள்ளிருந்து எதுவோ அடைத்திருந்தது. சூட்டை அணைத்தாள். அணைத்தால் மட்டும் போதாது. ஆற இரண்டு மணி நேரமாகும். குழாயைத் திறந்தால் வெடிக்கும். அதை அவள்தான் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பாள்.

குளிர்ந்த முனையில், உள்ளே பார்க்க, ஒரு நாணய அளவு கண்ணாடி உண்டு. குனிந்தாள்.

கறுப்பு. அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு. மயிர். கண்ணாடியோடு ஒட்டி நெரிந்துகொண்டு. அதற்குப் பின்னால் சிவப்புக் கனல். கறுப்பு ஒதுங்கியது. மறுபடி மோதியது. ஒதுங்கியது. மோதியது.

"தேஷுன்."

தட்டல் நின்றது.

அந்த அமைதியைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கனலுக்குள் நின்றபடி, அசையாமல், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று. தூங்குகிறவனை எழுப்புவதுபோல எட்டு வருடம் எத்தனையோ காலை கூப்பிட்ட பெயர். இரண்டு கையாலும் உலையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தோல் வெந்தது.

"நெருப்பு வருது," என்றாள். குரல் எழவில்லை. மறுபடி சொன்னாள். "நெருப்பு வருதுங்க. ஓடிடுங்க." பிறகு கத்தினாள். ஜன்னலில்லாத அந்த அறை அதிரும்படி கத்தினாள். "எனக்காக நிக்காதீங்க. ஓடிடுங்க. ஓடுங்க."

போத்தலில் ஒரே ஒரு பெரிய குமிழி எழுந்து உடைந்தது. பிறகு சின்னச் சின்னதாக, வழக்கம்போல, குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கின.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எண்கள் இறங்கின. எழுநூறு. ஐந்நூறு. முந்நூறு. ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பு மங்கி, உலை வெறும் தகரப் பெட்டியாக ஆனது. ஐந்தரை மணிக்குக் கொப்புளித்த விரல்களால் மரையைக் கழற்றிக் குழாயைத் திறந்தாள். சுவர் தெளிவாக இருந்தது. ஐந்து சில்லுகளும், ஐந்தாவதும்கூட, கண்ணாடி. அதில் அவள் முகம்தான் தெரிந்தது. மயிரில்லை, கறையில்லை, ஒரு புள்ளியில்லை.

போய்விட்டான். நல்லபடியாக, சுடாத ஏதோ ஓர் இடத்துக்கு. அம்மாவின் கனவில் இனி முற்றம் காலியாக இருக்கும். பெய்சென்னுக்கு நெஞ்சு லேசானது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் லேசாகவே இருந்தது. சில்லுகளைப் பெட்டியில் அடுக்கினாள். தரையைத் துடைத்தாள். முக்காலியை அதன் இடத்தில் வைத்தாள்.

பிறகு பழக்கத்தில், "நான் கிளம்பறேன்," என்றாள்.

பம்பு முனகியது. குமிழி வந்தது. வேறு சத்தமில்லை.

வெறும் ஆய்வகம். வெறும் உலை. வீட்டுக்குப் போனால் வெறும் வீடு. படியில் யாரும் ஏறி வரமாட்டார்கள். நாளைக்கும். நாளை மறுநாளும். இரண்டு மாதமாக அவள் கேட்காத அமைதி, மொத்தமாக, வட்டியும் முதலுமாக அவள் காதுக்குள் வந்து இறங்கியது. "தேஷுன்," என்றாள். காலிக் குழாய்க்குள் வாயை வைத்து, "தேஷுன்," என்றாள். அவள் குரலே உருண்டு திரும்பி வந்தது. அன்றைக்கு எரிகொட்டிலில் வராத அழுகை அப்போது வந்தது. மிருகம் போல, சுவரில் தலையை முட்டிக்கொண்டு, மூச்சு அடைக்கும்வரை அழுதாள். அழுது தீர்ந்தபோது மணி ஏழு. முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அலமாரியைத் திறந்தாள். பழுப்புப் போத்தலின் அடியில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கவிழ்த்துத் தட்டினாள். கடைசிப் படிகம்வரை தோணியில் கொட்டினாள். செம்பருத்தி நிறம். சில்லுகளை அடுக்கினாள். மரையை முறுக்கினாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் இருந்தது. பொத்தான்மேல் விரலை வைத்தபோது, "கொஞ்ச நேரம்தான்," என்றாள், குழந்தைக்கு ஊசி போடக் கூட்டிப்போகிறவள்போல. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அழுத்தினாள்.

முந்நூறு. ஐந்நூறு. இளஞ்சிவப்பு நீலமானது. எழுநூறு. நீலம் கரைந்தது. எண்ணூறு. குளிர்ந்த முனைக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வெந்த உள்ளங்கையைக் குழாயின்மேல் பதித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

எண்ணூற்று ஐம்பது.

எதுவுமில்லை.

எதுவுமில்லை.

டக்.

அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே, உள்ளிருந்து. அவள் கண்ணைத் திறந்தாள். குவார்ட்ஸ் சுவரின் அந்தப் பக்கம், அவள் கை ஒட்டியிருந்த இடத்தில், கறுப்பு மயிர் ஐந்து கிளையாகப் பிரிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு படர்ந்தது, கண்டுபிடித்ததும் நடுங்கியது, நடுங்கிக்கொண்டே, கெஞ்சுவதுபோல, அடித்தது, அடித்தது, அடித்தது.

பெய்சென் கையை எடுக்கவில்லை. மற்ற கையை நீட்டி, அரை மணி என்று இருந்ததை இரண்டு மணி என்று மாற்றினாள்.